தொப்பி உட்கார்ந்த நாற்காலி

ராமாயிப் பெரியம்மா வாயை அகலத் திறந்தபடி தரையில் குந்தியிருந்தார். அவருக்கு எதிரே பல் பிடுங்கும் நாற்காலி காலியாகக் கிடந்தது.

பதுளைக் கடைவீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி. மரப்படியில் கால் வைத்ததுமே கராம்பு எண்ணெய் வாசனை மூக்கில் ஏறும். வெள்ளைக் கோட்டுப் போட்ட சீனப் பல் வைத்தியர் லியூ, கையில் குறடோடு நாற்காலியைக் காட்டினார். பெரியம்மா மாட்டேன் என்று தலையாட்டினார். லியூ மறுபடியும் காட்டினார். பெரியம்மா குந்தியவாக்கிலேயே இன்னும் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்து, வாயை மட்டும் இன்னும் பெரிதாகத் திறந்தார்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருப்பவர் அவர். பல்வலியில் சோறு இறங்காமல் கிடந்தவரை, நாலு எழுத்துப் படித்தவன் என்ற முறையில் நான்தான் பஸ்ஸில் கூட்டி வந்திருந்தேன்.

“பெரியம்மா, நாக்காலில உக்காருங்க.”

“சும்மா இருடா. தொர நிக்கிறாரு. அவரு முன்னால நான் போயி நாக்காலில ஏறிக் குந்துறதா?”

“இவரு தொர இல்ல. பல்லு வைத்தியரு.”

“வெள்ளக் கோட்டு போட்டிருக்காருல்ல? காலுல சப்பாத்து இருக்குல்ல? அப்பறம் என்னா? பல்லுத்தொர. எனக்குக் கீழயே சொகமா இருக்கு. புடுங்கச் சொல்லு.”

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வைத்தியரின் மனைவி வெளியே வந்தார். வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கலாம். இரண்டு கைகளாலும் நாற்காலியைக் காட்டி, பெரியம்மாவிடம் மரியாதையாகத் தலை சாய்த்து, “ச்சிங் ட்ஸுவோ,” என்றார். ஒருமுறைக்கு மூன்றுமுறை சொன்னார்.

உட்காருங்கள் என்று அர்த்தம். நான் கற்ற முதல் சீனச் சொல் அதுதான். யாரும் எனக்கு அர்த்தம் சொல்லவில்லை, அந்தக் கைகளைப் பார்த்தாலே போதும்.

பெரியம்மா அசையவில்லை. கடைசியில் லியூ பெருமூச்சு விட்டு, கோட்டின் நுனியைத் தூக்கிக்கொண்டு, தானும் தரையில் மண்டியிட்டார். பல் தரையில்தான் வந்தது.

“பாத்தியா,” என்று பெரியம்மா பஞ்சைக் கடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். “வந்திருச்சா இல்லியா?”

சொல்ல விரும்பாத ஒரு வரி

போன இதழில், ‘கொஞ்சம் சீனமும் பேசுவேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு பண்டாரவளை வாசகர் ஒருவர், ‘தோட்டத்துத் தம்பி கதை விடுகிறார், சீனம் படிக்க இவர் சீனாவுக்கா போனார்?’ என்று எழுதியிருக்கிறார்.

கதை விடவில்லை ஐயா. சீனாவுக்கும் போகவில்லை. சொல்ல மனமில்லாமல்தான் ஒரு வரியோடு நிறுத்தியிருந்தேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

சீனமொழியை வைத்துப் பிழைக்கலாம் என்று நான் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்த உத்தியோகம் பதுளையில் பல் பிடுங்கும் அறையில் தொடங்கியது. எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் முடிந்தது.

அது இலங்கை சீனாவுக்கு ரப்பரைக் கொடுத்து அரிசி வாங்கிய காலம். தோட்டத்துக் கடையில் சீன அரிசி போட்டார்கள். “எத்தனை தண்ணியில கழுவினாலும் சாக்கு வாடை போகமாட்டேங்குதே,” என்று அம்மா உலை வைக்கும்போதெல்லாம் சீனாவோடு சண்டை பிடிப்பார். அதற்கும் முன்னாலேயே சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வரும் சீன வியாபாரிகளை எங்கள் பெண்களுக்குத் தெரியும். பட்டுத்துணியை லயத்து வாசலில் விரித்துப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை தமிழ் இல்லாமலே விற்றுவிட்டுப் போவார்கள்.

இப்படியாகச் சீனம் என்பது எங்களுக்கு ரொம்ப தூரத்துச் சங்கதி இல்லை. அரிசியாக வயிற்றிலும், பட்டாக உடம்பிலும், தங்கப் பல்லாக வாயிலும் இருந்தது. மொழியாகத்தான் யாரிடமும் இல்லை.

பெட்டி நாற்காலி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் பதுளைக்கு நடந்தும் பஸ்ஸிலும் போய்ப் படித்தேன்.

அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் பக்கத்தில் நிற்பார். அவர் வீட்டுக்குள் வந்தால் பச்சைக் கொழுந்து வாடையும் கூடவே வரும்.

நான் பதுளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வாரம், அப்பா உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கிவந்து ஒரு நாற்காலி செய்தார். பெட்டியின் ஓரத்துத் தகரத்தை அப்படியே வைத்து ஆணி அடித்திருந்தார். உட்கார்ந்தால் தகரம் தொடையில் குத்தும். எழுந்தால் காற்சட்டையில் தேயிலைத் தூள் ஒட்டியிருக்கும்.

எங்கள் காம்பராவில் இருந்த ஒரே நாற்காலி அது. அதில் என்னைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. மாமா ஒருமுறை உட்காரப் போனபோது அப்பா, “அது படிக்கிற நாக்காலி, மச்சான்,” என்று பாயை விரித்துப் போட்டார். அவரும் கடைசிவரை தரையில்தான்.

இந்த இடத்தில், தோட்டத்தைத் தெரியாத வாசகர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும்.

தோட்டத்தை நடத்தும் துரை வருகிறார் என்றால் உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். குடை பிடித்திருப்பவர் மழையென்றாலும் குடையை மடக்குவார். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். கங்காணி என்ன, ஆபீஸ் முழுவதையும் ஆட்டிவைக்கும் பெரிய கிளாக்கர் ஐயாவே துரை முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்காரக்கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுதி ஒட்டியிருந்தால் யாராவது ஒருவன் வாசித்துவிட்டு எதிர்த்துக் கேட்டிருப்பான். இது மூளைக்குத் தெரியாத சட்டம். முழங்காலுக்குத்தான் தெரியும்.

ராமாயிப் பெரியம்மாவின் முழங்காலுக்குத் தெரிந்திருந்தது. என் முழங்காலுக்கு மறந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துப்பு, கடி, நாளைக்கு வா

பல் தரையில் வந்த அன்றே எனக்கு வேலையும் வந்தது. வைத்தியரின் மனைவி என்னைப் படியருகே நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டிச் சொன்னார்:

“நீ... ஞாயிறு... வா. இவங்க... உக்காரணும். அவர் முழங்கால்... அய்யோ சாமி!”

அவர் பெயர் மெய்லான். கல்யாணமாகிச் சீனாவிலிருந்து கப்பலேறி வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவருடைய தமிழ் முழுவதும் நோயாளிகளிடம் கற்றது. அதனால் ‘ஆத்தாடி’, ‘அய்யோ சாமி’, ‘செத்தேன்’ என்பவைதான் முதலில் வந்தன. கடைத்தெருவில் கத்தரிக்காய் விலை கேட்டுவிட்டு, “செத்தேன்!” என்று இவர் நெஞ்சில் கை வைத்தால், காய்க்காரி சிரித்துக்கொண்டே இரண்டு காய் கூடப் போடுவாள்.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறென்றால் தோட்டங்களிலிருந்து ஆட்கள் படி முழுக்க வரிசையாக நிற்பார்கள். எல்லாரும் தரையில் குந்துவார்கள். நாற்காலியில் உட்காரவைப்பது என் பொறுப்பு. வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே நானே முதலில் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்து காட்டுவேன்.

“பாருங்க மாமா, ஒண்ணும் கடிக்கல.”

“நீ படிச்ச புள்ள. ஒனக்குக் கடிக்காது.”

“இந்த நாக்காலியில உக்காந்தாத்தான் பல்லு வேரோட வரும். சீனத்து வைத்தியம் அப்படி.”

“அப்படியா சங்கதி?” என்று யோசித்துவிட்டு ஏறுவார்கள். ஒரு பக்கத்துத் தொடையை மட்டும் வைத்து, எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடத் தயாராக. ராமாயிப் பெரியம்மாவே ஒரு வருஷம் கழித்துத் தங்கப் பல் கட்டிக்கொள்ள வந்தபோது நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். “பஞ்சு மெத்தை கணக்கால்ல இருக்கு,” என்று இறங்க மனமில்லாமல் இறங்கினார்.

நோயாளிகள் இல்லாத நேரம் எங்களுக்குப் பாடம். அக்கா எனக்குச் சீனம், நான் அவருக்குத் தமிழ். அந்த அறையில் இருந்தது ஒரு முக்காலியும் இந்த நாற்காலியும்தான். முக்காலியில் அவர், பல் நாற்காலியில் நான். வாயைத் திற, கடி, துப்பு, நாளைக்கு வா என்று தொடங்கி, மழை, ரயில், சந்தை, கோபம் என்று விரிந்தது. அக்கா தன் அண்ணனிடம் எழுதப் படிக்கக் கற்றவர். பழைய ‘டொபி’ மிட்டாய்த் தகரத்தின் மேல் தண்ணீரால் எழுத்தைப் போடுவார். அது காய்வதற்குள் நான் பார்த்துப் போடவேண்டும். காய்ந்துவிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து.

“நீ எழுதுற மாடு நொண்டுது,” என்பார்.

“நீங்க சொல்ற மழை மட்டும் ஒழுங்கா? ‘மளை’ங்கிறீங்க.”

“மளைன்னாலும் நனையுது இல்ல?”

இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. எஸ்.எஸ்.சி. முடித்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியாராக எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தேன். லியூ நோயாளியிடம் சொல்வதை நான் தமிழிலும், நோயாளி அழுவதை அவரிடம் சீனத்திலும் சொல்வேன். ஒருநாள் லியூ, அவர் அதிகம் பேசாதவர், மனைவியிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அக்கா தமிழில் சொன்னார்: “கண் மூடினா, ஊர்க்காரன் பேசுற மாதிரி இருக்குதாம்.”

அன்று பஸ்ஸுக்குக் காத்திராமல் தோட்டம்வரை நடந்தே போனேன்.

பெரிய கிளாக்கர் சொன்னது

சீனப் புத்தாண்டுக்குக் கொழும்புக்குப் போன லியூ, அங்கே தன் நாட்டார் புதிதாகத் திறந்திருந்த வியாபார அலுவலகத்தில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தேயிலைத் தோட்டங்களைப் பார்க்க ஒரு குழு வரப்போகிறது. அவர்களிடம் ஆங்கிலம் தெரிந்த ஆள் உண்டு. ஆனால் குழுத் தலைவருக்குத் தோட்டத்து மக்களோடு நேரே பேசவேண்டுமாம். சீனமும் தமிழும் தெரிந்தவன் வேண்டும். சரிப்பட்டால் கொழும்பில் நிரந்தர வேலை.

இந்தச் சேதி துரையின் ஆபீசுக்கும் வந்து, பெரிய கிளாக்கர் ஐயா ஆள் அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துத்தான் பேசுவார்.

“என்ன தம்பி, சீனம் படிச்சனீரோ? நான் பகிடி எண்டெல்லோ நினைச்சன்.”

“ஆமாங்க ஐயா. கொஞ்சம் பேசுவேங்க.”

“கொஞ்சம் எண்டு துரைக்கு முன்னாலை சொல்லிப்போடாதையும். நல்லாத் தெரியுமெண்டு சொல்லும்.” பிறகு குரலை இறக்கினார். “தம்பி, உள்ளதைச் சொல்லுறன். அரசாங்க உத்தியோகம் உமக்கு இல்லை. பிரஜாவுரிமை எங்கை எண்டு முதல் கேள்வியே கேப்பினம். உந்தச் சீனக்காரர் மட்டுந்தான் அதைக் கேக்கமாட்டினம். உமக்கு இருக்கிறது இந்த ஒரு கதவு. விளங்குதோ?”

விளங்கியது. தோட்டத்துத் தமிழர் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று சொன்ன சட்டம் வந்தபோது நான் சின்னப் பையன். அதன் எடை அன்று அந்த மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். லயத்தின் அந்தக் கோடிவரை வாசல் வாசலாகச் சேதி சொல்லும் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

மெய்லான் அக்கா கடைசிப் பாடமாக ஒன்று சொன்னார். “விருந்தாளி பக்கத்துல உக்காரணும். தோளுக்குத் தோள். அவருக்குத் தேத்தண்ணி வந்தா உனக்கும் வரும். குடிக்கணும். வெக்கப்படக் கூடாது.”

“இதெல்லாம் ஒரு பாடமாக்கா?” என்று சிரித்தேன். அப்போது நான் பல் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரட்டுக் களம்

காலையில் பேர் சொல்லி வேலை பிரிக்கும் இடத்தைத்தான் பெரட்டுக் களம் என்போம். ஸ்டோருக்கு முன்னால் இருந்த அந்தக் களத்தில் அன்று ஒரு மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். பங்களாவிலிருந்து மூன்று பிரம்பு நாற்காலிகள் வந்திருந்தன. நடுவில் விருந்தாளிக்கு. வலது பக்கம் துரைக்கு. இடது பக்கம் எனக்கு.

குழுவில் மற்றவர்கள் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரோடு உள்ளே போய்விட்டார்கள். தலைவர் மட்டும் களத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட நீலக் கோட்டு. மெல்லிய குரல். துரை உட்கார்ந்தார். அவரும் உட்கார்ந்தார்.

நான் உட்காரத்தான் போனேன். நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுக்கவும் செய்தேன். அப்போது நிமிர்ந்து பார்த்தேன்.

தோட்டமே எதிரில் நின்றது. கூடையோடு பெண்கள், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள். முன் வரிசையில் அப்பா. கல்யாண வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண் இமைக்காமல் என்னையே பார்த்தார்.

‘உக்காந்துடாதேடா’ என்று அந்தக் கண் சொல்வதாக எனக்குப் பட்டது.

நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்படி நின்றபிறகுதான் மூச்சே வந்தது.

விருந்தாளி பேசத் தொடங்கினார். தானும் மலைநாட்டுக்காரன்தான் என்றார். தன் தாயாரும் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர் என்றார். நான் தமிழில் சொன்னதும் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. “அடி ஆத்தாடி, இவரும் நம்ம ஆளுதானா?” என்று ராமாயிப் பெரியம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. அதையும் நான் சீனத்தில் சொன்னேன். விருந்தாளி வாய்விட்டுச் சிரித்தார். என் நாக்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷம் கொழும்பு எனக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

சிரித்த முகத்தோடு அவர் என் பக்கம் திரும்பினார். காலி நாற்காலியைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் அதைக் காட்டினார்.

“ச்சிங் ட்ஸுவோ.”

அன்று அவர் சொன்னதில் எனக்கு யோசிக்காமலே புரிந்த சொல் அதுதான். பல் பிடுங்கும் அறையில் எத்தனை பேருக்குத் தமிழில் சொல்லியிருப்பேன். இப்போது நான் தலையைக் குனிந்து சிரித்தேன். நின்றேன்.

மறுபடியும் சொன்னார். குரலில் சிரிப்புக் குறைந்திருந்தது. என் இடத்துக்கு முன்னால் தேநீர்க் கோப்பை ஒன்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது. துரை கழுத்தைத் திருப்பி, தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில், “உக்காரு மேன்!” என்றார்.

துரையே சொல்லிவிட்டார். இனி என்ன தடை? ஆனால் அவர் பேச்சு என் காதில் விழுந்ததும் கால் இன்னும் நேராகிவிட்டது.

துரை தோளைக் குலுக்கினார். மடியில் வைத்திருந்த தொப்பியை எடுத்து, எட்டி அந்த நாற்காலியில் வைத்தார்.

விருந்தாளி தொப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பவேயில்லை. மக்களிடம் கேள்விகள் கேட்கப்போவதாகத்தான் ஏற்பாடு. ஒன்றும் கேட்கவில்லை. நன்றி சொல்லி இரண்டு வரியில் முடித்தார்.

கூட்டம் கலைந்தபோது ராமாயிப் பெரியம்மா கூடையைத் தலையில் மாட்டியபடி என் அருகில் வந்தார். தங்கப் பல் வெயிலில் மின்னியது.

“ஏன்டா, என்னைய மட்டும் உக்காரு உக்காருன்னு பாடாப் படுத்துன? ஒனக்குக் கடிச்சிருச்சா?”

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பாவைத் தேடினேன். அவர் ஸ்டோருக்குள் போய்விட்டிருந்தார்.

மெய்லான் அக்காவின் கோபம்

அடுத்த ஞாயிறு பதுளைக்குப் போனேன். குழு திரும்பும் வழியில் லியூ வீட்டில்தான் சாப்பிட்டதாம். படியேறும்போதே அக்காவின் முகத்தில் தெரிந்துவிட்டது.

“மொழி நல்லா இருக்குதாம். ரெண்டு தடவை சொன்னார், நல்லா இருக்குதுன்னு.”

“அப்புறம் என்னாக்கா?”

அவர் தமிழை விட்டுவிட்டுச் சீனத்தில் சொன்னார். தமிழில் தப்பாகச் சொல்லிவிடக்கூடாது என்று நினைத்திருப்பார். தலைவர் சொன்னது இது: ‘அந்தப் பையன் என் நாற்காலிக்குப் பின்னால் வேலைக்காரனைப் போல நின்றான். இவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனால், இன்னொரு துரை வந்துவிட்டார் என்றுதான் அந்த மக்கள் நினைப்பார்கள். என்னோடு யார் பேசுவார்கள்?’

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் வலி. மொழியில் குறை சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் உட்கார்ந்து படித்திருப்பேன்.

அக்கா முக்காலியை ஓரமாக நகர்த்தினார். பிறகு திடீரென்று, நோயாளிகளிடம் கற்ற அந்தத் தமிழிலேயே வெடித்தார்.

“ஆத்தாடி! ஒரு நாக்காலி! ஒரு நாக்காலிதானே, முத்து!”

அவர் கண் கலங்கியிருந்தது. அவருடைய உழைப்பும்தானே அது. அன்று பாடம் நடக்கவில்லை. டொபித் தகரம் அதன் இடத்தில் காய்ந்து கிடந்தது. அதற்குப் பிறகும் சில ஞாயிறுகள் போனேன். எங்கள் இருவருக்கும் பழைய சிரிப்பு வரவில்லை. கொஞ்ச காலத்தில் அவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு கொழும்புப் பக்கம் போய்விட்டார்கள். புதிய விலாசம் தருவதாகச் சொன்னார். நான் கேட்டு வாங்கவில்லை.

இப்போது நான் அதே தோட்டப் பள்ளிக்கூடத்தில்தான் வாத்தியார். சீனம் பேச ஆள் இல்லை. பண்டாரவளை வாசகர் நம்பாமல் போனாலும் குறையில்லை. சில நாள் எனக்கே நம்பிக்கையில்லை.

அக்கா வெடித்த அந்த ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா அடுப்படியில் தரையில் இருந்தார். பெரட்டுக் களத்து நாளிலிருந்து அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

“என்னா சொன்னாங்க?”

“வேல இல்லேன்னுட்டாங்கப்பா.”

“பாஷை சரியில்லையாமா?”

“பாஷை நல்லாத்தான் இருந்துச்சாம். நாக்காலியில உக்காரலயாம்.”

அப்பா விறகை உள்ளே தள்ளினார். புகை எழும்பி அடங்கியது.

“நீ ஏன்டா உக்காரல?”

“நீங்க நின்னுக்கிட்டிருந்தீங்களேப்பா. நீங்க நிக்கையில நான் எப்படி?”

“நான் எதுக்கு நின்னேன்?” அவர் குரல் உயரவில்லை. “ரோலர விட்டுட்டு வர ஏலாதுன்னு டீமேக்கர் ஐயா சொன்னாரு. கெஞ்சிக் கேட்டு வந்தேன். வீராசாமி, கருப்பையா எல்லாத்தையும் கூட்டியாந்தேன். எம்மவன் தொரைக்குச் சமமா உக்காரப் போறான், வந்து பாருங்கடான்னு. கண்ணாலயே சொல்லிக்கிட்டிருந்தேனேடா, உக்காரு, உக்காருன்னு. ஒனக்குத் தெரியலியா?”

எனக்குத் தெரியவில்லை. இரண்டு மொழிக்கு நடுவில் நிற்கக் கற்ற எனக்கு, என் அப்பாவின் கண் சொன்னது தெரியவில்லை.

அவர் பக்கத்தில் தரையில் உட்காரப் போனேன். அப்பா காலை நீட்டி, சுவரோரம் இருந்த பெட்டி நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

“அதுல உக்காரு.”

உட்கார்ந்தேன். தகரம் தொடையில் குத்தியது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அப்பா கீழே இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்து பாருங்கடா என்று அன்று அவர் யாரையும் கூப்பிடவில்லை.